ஒட்டிய இரட்டையர்: முதல் ஸ்கானிலிருந்து பிரசவம் வரை, யாழ்ப்பாணத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஒட்டிய இரட்டையர் என்று ஸ்கானில் தெரிந்தவுடன் வீட்டுக்காரர் கேட்பது, "பிரிக்கலாமோ டொக்டர்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல முந்தி இன்னொரு கேள்விக்கு விடை வேண்டும்: இதயம் ஒன்றா, இரண்டா? பிரசவத்தை எங்கே வைப்பது, எத்தனையாம் கிழமையில் வைப்பது, தியேட்டரில் யார் யார் நிற்பது, பிறந்த பிறகு எதுவரை போராடுவது எல்லாமே அந்த விடையைப் பொறுத்தவை. அது நன்றாகத் தெரியும் காலம் 18 முதல் 24 கிழமை வரை. 9 கிழமையில் அவசரப்பட்டு முடிவு சொல்வதும், 30 கிழமை தாண்டியபின் இதயத்தைத் தேடத் தொடங்குவதும் இந்த விஷயத்தில் நடக்கிற இரண்டு பெரிய பிழைகள்.

யாழ். மாவட்டத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் இளம் வைத்தியர்கள், ஸ்கான் செய்பவர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள் ஆகியோரை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். தாய் தகப்பனும் வாசிக்கலாம். மருந்தளவுகள் மட்டும் வைத்தியர்களுக்கானவை.

எப்படி ஒட்டுகின்றன?

ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரியும்போது, பிரியும் நாளே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் 3 நாளுக்குள் பிரிந்தால் இரண்டு நஞ்சு (நஞ்சுக்கொடி), இரண்டு பை (பிள்ளையைச் சுற்றியுள்ள பன்னீர்ப் பை). 4 முதல் 8 நாளுக்குள் என்றால் ஒரு நஞ்சு, இரண்டு பை. 8 முதல் 13 நாளுக்குள் என்றால் ஒரு நஞ்சு, ஒரே பை. 13 நாளுக்குப் பிறகு பிரியத் தொடங்கினால் பிரிவு முழுமையாகாது. ஒட்டிய இரட்டையர் உருவாகின்றனர். பிரிந்தவை மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன என்ற விளக்கமும் உண்டு. எந்த விளக்கத்தை எடுத்தாலும் நடைமுறையில் ஒன்று மாறாது: ஒட்டிய இரட்டையருக்கு நஞ்சு ஒன்று, அம்னியன் பையும் ஒன்று. இடையில் மெல்லிய சவ்வு ஒன்று நிச்சயமாகத் தெரிகிறதென்றால் அது ஒட்டிய இரட்டையர் அல்ல. இந்த ஒரு விதி வீண் பயம் பலவற்றை நிறுத்திவிடும்.

ஏறக்குறைய 50,000 முதல் 1,00,000 பிரசவத்துக்கு ஒன்று இப்படி நிகழ்கிறது. உயிரோடு பிறப்பவை அதைவிடக் குறைவு. சுமார் 2,00,000க்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். பரம்பரையாக வருவதில்லை, அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வருவதும் மிக மிக அரிது. 'ஒட்டின வாழைப்பழம் திண்டதாலதான்' என்று மாமியார் சொல்லியிருந்தால், முதல் சந்திப்பிலேயே அந்தப் பழியைத் தாயின் தலையிலிருந்து இறக்கிவிடுங்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதல் சந்தேகம்: 7 முதல் 14 கிழமை

ஒரே பைக்குள் இரண்டு இதயத்துடிப்பு தெரிந்து, இடையில் சவ்வு தெரியாவிட்டால் சந்தேகம் அங்கேயே தொடங்க வேண்டும். ஆங்கில 'வி' அல்லது 'வை' எழுத்துப் போல் கவர்விட்ட ஒரே கரு, ஒரே மஞ்சட்கருப்பை ஆகியவையும் துப்புகள். ஆனால் 10 கிழமைக்கு முந்தி, ஒட்டாத ஒற்றைப்பை இரட்டையரும் பக்கம் பக்கமாகக் கிடந்து ஒட்டியவை போலவே தெரிவார்கள். ஆகவே 10 கிழமைக்கு முன் கண்டதை 'சந்தேகம்' என்று மட்டும் எழுதி, 10 முதல் 14 நாள் கழித்து, 11 கிழமை நிறைந்தபின் மீண்டும் பாருங்கள். அந்த இரண்டு கிழமையும் தாய்க்கு நீளமானவைதான். பிழையான முடிவைச் சொல்லிப் பிறகு திருத்துவது அதைவிடக் கொடுமை.

இரண்டாம் ஸ்கானை இப்படிச் செய்யுங்கள். முதலில் சவ்வைத் தேடுங்கள். ஒலிக்கதிர் சவ்வுக்குச் செங்குத்தாக விழுந்தால்தான் அது தெரியும். கதிருக்குச் சமாந்தரமாக இருக்கும் மெல்லிய சவ்வு மாயமாகிவிடும். புறோப்பை (ஸ்கான் கருவியின் கையில் பிடிக்கும் முனையை) குறைந்தது மூன்று கோணத்தில் திருப்பிப் பாருங்கள், கெயினை (படத்தின் பிரகாசத்தை) சற்றுக் கூட்டிப் பாருங்கள். வயிற்றின் மேலாகத் தெளிவில்லையென்றால் யோனிவழி ஸ்கான்.

பிறகு தோலின் கோட்டைப் பின்தொடருங்கள். ஒரு பிள்ளையின் கழுத்தில் தொடங்கி நெஞ்சு, வயிறு என்று தோற்கோட்டிலேயே இறங்கி வரவேண்டும். ஒட்டாத பிள்ளையில் அந்தக் கோடு தன் உடம்பைச் சுற்றித் திரும்பி வரும். ஒட்டியதில் ஓரிடத்தில் அது மற்றப் பிள்ளையின் உடம்புக்குள் போய்விடும். அந்த இடத்தில் படத்தை நிறுத்திச் சேமியுங்கள். ஒரு திசையில் மட்டும் பார்த்தால் ஏமாறலாம், குறுக்குவெட்டு நெடுவெட்டு இரண்டிலும் அதே இடம் தெரிய வேண்டும்.

அதன்பின் தாயை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். வலப்பக்கம் திருப்பி இன்னொரு தடவை. இருமச் சொல்லுங்கள். ஒட்டாத இரட்டையர் இடம் மாறுவார்கள். ஒட்டியவர்கள் சேர்ந்தே உருளுவார்கள்: தலைகள் ஒரே மட்டத்தில், முகத்துக்கு முகம் அதே நிலையில். முகம் பார்த்து ஒட்டியவர்களில் கழுத்து பின்னுக்கு வளைந்திருப்பது வழக்கம். கை கால்களையும் எண்ணுங்கள். தொப்புள்கொடி ஒன்றேயாகி அதற்குள் மூன்றுக்கு மேற்பட்ட குழாய்கள் தெரிந்தால் சந்தேகம் பெரும்பாலும் உறுதி. இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டொப்ளரை ஒட்டிய பகுதியின் மேல் வைத்தால் ஒரு உடம்பிலிருந்து மற்றதுக்கு இரத்தம் கடப்பது தெரியும். இந்தக் காலத்தில் டொப்ளரைச் சில வினாடிகளுக்கு மேல் ஓடவிட வேண்டாம். துடிப்பை எண்ண, அசைவைக் கோடாகக் காட்டும் எம்-மோட் போதும்.

கழுத்தின் பின்புற நீர்ப்படலம் தடித்துத் தெரிவது இவர்களில் பொதுவானது. அதைக் கண்டு உடனே குரோமோசோம் கோளாறு என்று ஓட வேண்டாம். ஒட்டிய இரட்டையரில் அந்த ஆபத்து தனியாகக் கூடுவதில்லை. வேறு காரணம் இல்லாமல் பன்னீரில் ஊசி போட்டுப் பரிசோதிக்கத் தேவையில்லை.

எந்த வகை?

பெயர்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஒட்டிய உறுப்பின் பெயரோடு 'பேகஸ்' சேரும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் இருந்திருந்தால் இவற்றுக்கும் நல்ல தமிழ் தந்திருப்பார். இன்று றிப்போட்டில் எழுத வேண்டியது இந்தப் பெயர்களைத்தான், கொழும்பில் வாசிப்பவருக்கும் அவை விளங்க வேண்டுமே.

நெஞ்சால் ஒட்டியது தொரக்கோபேகஸ்; சுமார் 40 வீதம், எல்லாவற்றிலும் பொதுவானது. இதில் இதய உறை பத்தில் ஒன்பதில் பொது, இதயமே இணைந்திருப்பது நாலில் மூன்றில். ஈரல் கிட்டத்தட்ட எப்போதும் பொது. வயிற்றால் ஒட்டியது ஓம்பலோபேகஸ். சுமார் மூன்றில் ஒன்று. ஈரல் பெரும்பாலும் இணைந்திருக்கும், இதயங்கள் தனித்தனி. பிரிப்பதற்கு மிக நல்ல வகை இது. 1811இல் சீயத்தில் (இன்றைய தாய்லாந்தில்) பிறந்த சாங், எங் சகோதரர் நெஞ்செலும்பின் கீழ்முனையில் ஒரு சிறு இணைப்போடு 62 வயது வரை வாழ்ந்தார்கள். 'சீயமீஸ் இரட்டையர்' என்ற பேச்சு வழக்கு அவர்களால் வந்தது. 1874இல் சாங் இறந்து சில மணித்தியாலங்களுக்குள் அவருடைய சகோதரர் எங் என்பவரும் இறந்தார். அந்தச் சில மணித்தியாலக் கணக்கு பிரசவத்துக்குப் பிறகும் தேவைப்படும், மறக்க வேண்டாம்.

பிட்டத்தால் ஒட்டியது பைகோபேகஸ். ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. இங்கே பார்க்க வேண்டியவை முள்ளந்தண்டின் அடி, மலவாசல், சிறுநீர் வழி. இடுப்பால் ஒட்டியது இஸ்கியோபேகஸ். கால்கள் நாலா மூன்றா என்று எண்ணுங்கள், சிறுநீர்ப்பையைத் தேடுங்கள். தலையால் ஒட்டியது கிரேனியோபேகஸ், 2 வீதம் அளவில். மூளையின் பெரிய நாளங்கள் பொதுவா என்பதே அங்கே கேள்வி. பக்கவாட்டில் ஒட்டி ஒரு உடம்பில் இரண்டு தலையாகத் தெரிவது பராபேகஸ். இரண்டு வகை கலந்தும் வரும். அப்போது பெயருக்காகத் தடுமாறாமல், 'நெஞ்செலும்பின் நடுவிலிருந்து தொப்புள் வரை ஒட்டியுள்ளது' என்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென எழுதினால் அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு அது பெயரைவிடப் பிரயோசனம்.

இதயம்: 18 முதல் 24 கிழமை

இந்த ஸ்கானுக்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். கிளினிக் வரிசையின் நடுவில் இதைச் செய்ய முடியாது. ஏன் இந்தக் கிழமைகள்? இதற்கு முந்தி இதயம் சின்னன். பிந்தினால் பிள்ளைகள் ஒருவரையொருவர் நெருக்கி, விலா எலும்பின் நிழல் விழுந்து எதுவும் தெரியாது. பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் பிழை. நெஞ்சால் ஒட்டிய பிள்ளைகளின் மார்பில் புறோப் வைக்க இடமிராது, சுவாசப்பைக்குள் காற்றும் புகுந்துவிடும். வயிற்றுக்குள் பன்னீரின் ஊடாகத் தெரிந்த அளவு தெளிவு பிறகு கிடைப்பதில்லை.

இரண்டு நெஞ்சும் ஒரே குறுக்குவெட்டில் வரும்படி புறோப்பை வைத்து, வயிற்றிலிருந்து கழுத்து வரை மெதுவாக வழித்துச் செல்லுங்கள். இதய உறை எத்தனை? இதயவறைகள், அதாவது கீழறைகள், எத்தனை? சோணையறைகள், அதாவது மேலறைகள், ஒன்றுக்குள் ஒன்று திறக்கின்றனவா? பெருநாடிகள் எத்தனை, எதிலிருந்து புறப்படுகின்றன? இந்த நாலு கேள்விக்கும் விடை எழுதாமல் ஸ்கானை முடிக்க வேண்டாம்.

துடிப்பின் வேகத்தில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு பிள்ளைக்கும் எப்போது எண்ணினாலும் ஒரே வேகம், ஒரே தாளம் என்றால் கீழறைகள் இணைந்திருக்கலாம் என்று எடுங்கள். வேகம் வேறு வேறு என்றால் கீழறைகள் தனியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் மேலறைகள் இணைந்திருக்கலாம். 'ஒன்றுக்கு 142, மற்றதுக்கு 150, ஆகவே இரண்டு இதயம்' என்று எழுதிவிட்டு நிம்மதியடைவது அடிக்கடி நடக்கும் தவறு.

கீழறைகள் இணைந்திருந்தால் இருவரையும் பிரித்து இருவரையும் காப்பாற்றுவது இன்றைய மருத்துவத்தில் நடவாத காரியம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மேலறைகள் மட்டும் இணைந்தவற்றில் மிகச் சில பிழைத்ததுண்டு. இதயங்கள் தனித்தனி, இதய உறை மட்டும் பொது என்றால் நிலைமை முற்றிலும் வேறு. தனி இதயமாக இருந்தாலும் அதற்குள் ஓட்டையோ குழாய் இடமாற்றமோ இருப்பது பொதுவானது. குறிப்பாக வலப்பக்கப் பிள்ளையில் உறுப்புகள் இடம் வலமாக மாறியிருக்கிறதா என்று வயிற்றின் பக்கத்தையும் பாருங்கள்.

ஒட்டாத உறுப்புகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூளை, முள்ளந்தண்டு, சிறுநீரகம், உதரவிதானம் எல்லாம் இரண்டு பிள்ளையிலும் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். தொப்புள் பகுதியில் குடல் வெளியே தள்ளிய பை இருக்கிறதா, எவ்வளவு பெரிது என்பதையும் எழுதுங்கள். பிரசவத்தின்போது முதலில் கிழியக்கூடியது அதுதான்.

நின்ற படங்களை மட்டும் அனுப்பினால் கொழும்பில் சிறுவர் இதய நிபுணரால் எதுவும் சொல்ல முடியாது. அந்த வழித்தெடுத்த ஸ்கானை வீடியோவாகச் சேமித்துக் கொடுங்கள். லண்டன், டொரொண்டோவில் உள்ள உறவினர் வட்ஸ்அப்பில் றிப்போட்டைக் கேட்பார்கள். அனுப்புவது அவர்களின் உரிமை. ஆனால் மங்கலாக எடுத்த றிப்போட் படத்தைப் பார்த்து ஒருவர் சொல்லும் இரண்டாம் அபிப்பிராயத்துக்குப் பெறுமதி குறைவு என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. தேவையா?

இதயத்துக்கு ஸ்கானே நல்லது. ஈரல், முள்ளந்தண்டு, இடுப்பு, மூளை ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. நிறையச் சொல்லும். 24 முதல் 30 கிழமைக்குள் வையுங்கள். படத்தைத் தெளிவாக்கப் போடும் கடோலினியம் ஊசி போடக் கூடாது. வயிறு பெருத்த தாயை மல்லாக்கப் படுக்கவிட்டால் மயக்கம் வரும். இடப்பக்கம் சரித்துப் படுக்கவிட்டு அரை முதல் முக்கால் மணித்தியாலத்துக்குத் திட்டமிடுங்கள். ஒரு சின்ன நுட்பம்: பிள்ளையின் பெருங்குடலில் உள்ள முதல்மலம் எம்.ஆர்.ஐ.யின் டீ1 வகைப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இடுப்பால் ஒட்டியவர்களில் மலக்குடல் ஒன்றா இரண்டா என்பதை அந்த வெள்ளைக் கோடே காட்டிவிடும்.

தாய் தகப்பனோடு கதைப்பது

கதவை மூடக்கூடிய ஒரு அறை, இரண்டு கதிரை, அரை மணித்தியாலம். மகப்பேற்று நிபுணரோடு சிறுவர் நிபுணரும் இருக்க வேண்டும். தாய் தனியே வந்திருந்தால், கணவர் வரும்வரை காத்திருக்க விரும்புகிறாரா என்று கேளுங்கள். வார்த்தைகளைச் சுற்றி வளைக்காதீர்கள்:

"தங்கச்சி, பிள்ளையள் ரெண்டும் நெஞ்சில இருந்து தொப்புள் மட்டும் ஒட்டி இருக்கினம். இதயம் ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். இப்ப வயித்துக்குள்ள உயிரோட இருக்கினம். பிறந்த பிறகு கன நாள் இருக்க மாட்டினம் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்."

"நான் என்ன பிழை விட்டனான் டொக்டர்?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. ஆரும் செய்யேல்லை."

இதற்குப் பிறகு நிறுத்துங்கள். மௌனம் தாங்க முடியாமல் உடனே வீதக்கணக்குச் சொல்லத் தொடங்குவது எங்களுடைய பலவீனம். கணக்கு இரண்டாம் சந்திப்பில் போதும்: ஒட்டிய இரட்டையரில் கணிசமானோர் இறந்தே பிறக்கிறார்கள், உயிரோடு பிறப்பவரிலும் பலர் முதல் 24 மணித்தியாலத்துக்குள் போய்விடுகிறார்கள். இதயம் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்களுக்கு வேறு கணக்கு.

'கலைக்கலாமோ' என்ற கேள்வி வரும். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெந்தக் காரணத்துக்கும் கருக்கலைப்பு இங்கே குற்றம். பிள்ளை பிழைக்காது என்பது சட்டம் ஏற்கும் காரணமல்ல. இது 1883ஆம் ஆண்டுச் சட்டம். அதைப் பற்றிய எங்கள் கருத்து எதுவானாலும், தாய்க்கு அதை மழுப்பாமல் சொல்ல வேண்டியது கடமை. தெரியாமல் விட்டால் மூடிய கதவுகளுக்குப் பின்னால் யாரிடமோ போய் உயிரை விடக்கூடும். ஆகவே இங்கே தாய் தகப்பன் முன் இருக்கும் தெரிவு, பிறந்தபின் முழுச் சிகிச்சையா, அல்லது வலியில்லாமல் மடியில் வைத்திருக்கும் பராமரிப்பா என்பது. எதைத் தெரிந்தெடுத்தாலும் எழுத்தில் பதிந்து எச் 512 என்ற கர்ப்பகாலப் பதிவு அட்டையோடு இணையுங்கள். நள்ளிரவில் நோவோடு வரும்போது கடமையில் நிற்கும் வைத்தியருக்கு அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் எல்லாம் தலைகீழாகும்.

கர்ப்ப காலக் கவனிப்பு

இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள். பாதிப்பேரில் பன்னீர் கூடும். ஸ்கானில் பன்னீரின் ஆழமான குளம் 8 செ.மீ.க்கு மேல் போனால் கருப்பைக் கழுத்தின் நீளத்தையும் அளவுங்கள். தாய்க்கு மூச்சு முட்டினால், படுக்க முடியாவிட்டால் மட்டும் பன்னீரை எடுக்கலாம்: 18 அல்லது 20 கேஜ் ஊசி, அரை மணித்தியாலத்துக்கு 1 லீட்டர் வேகத்தில், ஒரு தடவையில் 2 லீட்டருக்குள். வேகமாக இழுத்தால் நஞ்சு கழரும். இன்டோமெதசினைப் பன்னீர் குறைக்கவென்று கொடுக்க வேண்டாம். பிள்ளையின் இதயத்துக்கு வெளியே உள்ள நாளம் நேரத்துக்கு முந்தி மூடும். இணைந்த இதயத்துக்கு அது பேராபத்து.

ஒற்றைப்பை இரட்டையரில் கொடிகள் முறுக்கிக்கொள்ளும் பயத்தால் 26, 28 கிழமையிலேயே விடுதியில் மறிப்பது வழக்கம். ஒட்டியவர்கள் ஒருவரைச் சுற்றி ஒருவர் நீந்த முடியாது, கொடியும் பெரும்பாலும் ஒன்று; அந்தப் பயம் இங்கே சிறிது. மறிக்க வேண்டிய காரணம் தூரமும் நேரத்துக்கு முந்திய நோவும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம், பிறகு தரைவழி. ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. தீவகத்துத் தாய் 28 கிழமையிலிருந்து யாழ் நகரப் பக்கம் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ இருக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் இதை 24 கிழமையிலேயே கதைத்து முடித்துவைத்தால் நல்லது.

பிரிக்கக்கூடியவர்கள் என்றால் பிரசவத்தைப் பிள்ளைகளை அறுவை செய்யப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான் முறை. கொழும்பு ஏ9 வழியாக ஏறக்குறைய 400 கி.மீ. பிறந்தபின் ஒட்டிய இரண்டு பிள்ளைகளை ஒரே இன்கியுபேற்றரில் வைத்து அத்தனை தூரம் கொண்டுபோவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை 32 கிழமையளவில் அனுப்புவது பல மடங்கு பாதுகாப்பு. நோவு தொடங்கிக் கருப்பைக் கழுத்து திறந்த பின் மட்டும் அம்புலன்சில் ஏற்ற வேண்டாம், அப்போது யாழ். போதனா வைத்தியசாலையிலேயே பிரசவம். இதயம் ஒன்றாகி, மடிப் பராமரிப்பைப் பெற்றோர் தெரிந்தெடுத்திருந்தால் கொழும்புக்கு அலைக்கத் தேவையே இல்லை. வீட்டாருக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

பிரசவம்: எப்போது, எப்படி

திட்டமிட்ட சிசேரியன், 35 முதல் 36 கிழமை. அதைத் தாண்டிக் காத்திருந்தால் இரவில் நோவு தொடங்கிப் பாதி ஆட்களோடு செய்ய நேரும். 34 கிழமை 6 நாளுக்கு முந்திப் பிரசவம் நடக்குமெனத் தெரிந்தால் டெக்சாமெதசோன் 6 மி.கி. தசையூசி, 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நாலு. 32 கிழமைக்கு முந்தி நோவு வந்தால் மக்னீசியம் சல்பேற்று 4 கிராம் 20 நிமிடத்தில், பிறகு மணிக்கு 1 கிராம்.

யோனிவழிப் பிரசவத்துக்கு இடமுள்ள ஒரே சூழல், பிள்ளைகள் இறந்தும் மிகச் சிறிதாயும் இருப்பது. பெரிய பிள்ளைகளில் ஒட்டிய இடம் இடுப்பெலும்பில் சிக்கும், கருப்பை கிழியும். கிளினிக்குக்கே வராத தாயில் இது நோவின் போதுதான் தெரியவரலாம்: முதல் தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை, இழுத்தும் அசைவில்லை. இழுப்பதை உடனே நிறுத்துங்கள். தாய்க்கு வலி மறக்க மருந்து கொடுத்து, கையை உள்ளே விட்டு முதல் பிள்ளையின் நெஞ்சு வழியே தடவிப் பாருங்கள். விரல் மற்றப் பிள்ளையின் நெஞ்சில் முட்டி அங்கேயே நின்றுவிட்டால் விடை தெரிந்துவிட்டது. தியேட்டருக்கு.

திட்டமிட்ட சிசேரியனுக்கு முதல் நாள் எல்லாரையும் கூட்டி ஒரு ஒத்திகை பாருங்கள். பொம்மைகள் இரண்டை முகம் பார்க்க வைத்துத் துணியால் கட்டி, யார் எந்தப் பக்கம் பிடிப்பது, எந்தக் கதவால் வெளியே கொண்டுபோவது என்று நடந்து பார்ப்பது சிறுபிள்ளை விளையாட்டல்ல. மேசை பிள்ளைகளின் அகலத்துக்குப் போதுமா என்பதே அப்போதுதான் தெரியவரும்.

தாய்க்கு 16 கேஜ் குழாய் இரண்டு, பொருத்தம் பார்த்த இரத்தம் 4 பைந்து, இடப்பக்கம் 15 பாகை சரிவு. தோலில் நெடுக்கு வெட்டு. கருப்பையைத் திறக்க முந்தி, சுத்தமான உறையால் மூடிய ஸ்கான் புறோப்பை நேரே கருப்பையின் மேல் வைத்து நஞ்சு எங்கே, கால்கள் எங்கே என்று பாருங்கள். கருப்பையிலும் மேற்பகுதியில் நெடுக்கு வெட்டுத்தான். கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டில் தொடங்கி, பிள்ளைகள் பாதி வந்தபின் இடம் போதாமல் மேலே கிழிப்பது கருப்பைக்கும் கேடு, பிள்ளைகளுக்கும் கேடு. தொடக்கத்திலேயே பெரிதாக வெட்டுங்கள்.

கையை விட்டு நாலு பாதத்தையும் தேடிப் பிடியுங்கள். ஒருவர் ஒரு பிள்ளையின் இடுப்பை, மற்றவர் மற்றதன் இடுப்பைப் பிடித்து, ஒரே வேகத்தில், ஒரே மட்டத்தில் தூக்குங்கள். ஒரு பிள்ளை முந்தினால் பாரம் முழுவதும் இணைப்பில் விழும். ஈரல் கிழிவதும் குடற்பை வெடிப்பதும் அப்போதுதான். தலைகள் கடைசியில் வரும், இரண்டும் ஒன்றாக, கழுத்து ஏற்கெனவே பின்னுக்கு வளைந்திருப்பதை நினைவில் வைத்து. கருப்பை இறுகிவிட்டால் இழுக்காமல், மயக்க மருந்து நிபுணரிடம் நைட்ரோகிளிசரின் 50 முதல் 100 மைக்கிரோகிராம் நாளவழி கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் தளரும். இரத்த அழுத்தம் விழும் என்பதை அவர் அறிவார்.

கொடியை நீளமாக விட்டு வெட்டுங்கள், 10 செ.மீ.யாவது. பிள்ளை மருத்துவருக்குக் குழாய் ஏற்ற அதுதான் வழி. குழாய்களை எண்ணி எழுதுங்கள்.

விரிந்து களைத்த கருப்பை இரத்தம் கக்கும் என்று எதிர்பார்த்தே இருங்கள். ஒக்ஸிரோசின் 5 அலகு மெதுவாக நாளவழி, தொடர்ந்து 40 அலகு 500 மி.லீ. சேலைனில் 4 மணித்தியாலம். நிற்கவில்லையென்றால் டிரனெக்சாமிக் அமிலம் 1 கிராம், பிறகு வழமையான படிகள்.

முதல் ஒரு மணித்தியாலம்

பிள்ளைகளுக்கு இரண்டு குழு, இரண்டு மொனிற்றர், இரண்டு மருந்துத் தாள். ஒரு பிள்ளைக்குச் சிவப்புப் பட்டி, மற்றதுக்கு நீலம். குழு உறுப்பினரின் சட்டையிலும் அதே நிறம். நிறம் இல்லாவிட்டால் ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை விற்றமின் கே போய்விடும். நிறையை ஒன்றாக நிறுத்துப் பாதியாகக் கணக்கிடுங்கள். ஆனால் ஒருவருக்குக் கொடுக்கும் மருந்து மற்றவரிடமும் போகும். ஒரு பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மற்றப் பிள்ளையும் சுவாசிக்க மறக்கக்கூடும், அவருக்குச் சுவாசக் குழாய் போடவும் ஆயத்தமாக நில்லுங்கள். முகம் பார்த்த பிள்ளைகளுக்குக் குழாய் போடுவது கடினம். மற்றவர் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து போட வேண்டும். குடற்பையை வெதுவெதுப்பான சேலைன் துணியால் போர்த்திச் சுத்தமான பிளாஸ்ரிக் உறையால் மூடுங்கள்.

ஒருவர் இறந்தால் மற்றவருக்கு இருப்பது மணித்தியாலக் கணக்கே. அவசரமாகப் பிரிக்கச் சொல்லும் காரணங்களில் இது ஒன்று. குடற்பை வெடிப்பதும் குடல் அடைப்பும் மற்றவை. அவசரத்தில் பிரிப்பதன் பலன் மிக மோசம். எல்லாம் நிதானமாக இருந்தால் 2 முதல் 4 மாதம் வரை, சில வகைகளில் இன்னும் கூடக் காத்திருந்து பிரிப்பதே வழக்கம்.

தாயின் விடுதி

ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: போன். எந்த விடுதியிலும் இப்படியான பிள்ளைகளின் படம் ஒரு மணித்தியாலத்தில் முகப்புத்தகத்தில் ஏறிவிடுகிறது. மருத்துவப் பதிவுக்கான படம் எழுத்து மூலச் சம்மதத்தோடு, வைத்தியசாலைக் கமராவில் மட்டும். வாசலில் ஒருவரை நிறுத்துங்கள்.

பிள்ளைகள் தவறினால் மூன்றாம் நாள் தாய்க்குப் பால் கட்டும். அந்த நோவு கொடியது. விரும்பினால், இரத்த அழுத்தம் இல்லாத தாய்க்குக் கபர்கொலின் 1 மி.கி. ஒரே தடவை முதல் நாளே கொடுக்கலாம். 28 கிழமைக்குப் பின் இறந்து பிறந்தாலும் பதிவு செய்ய வேண்டும். உயிரோடு பிறந்தால் இருவருக்கும் தனித்தனிப் பிறப்புப் பதிவு. சின்னஞ்சிறு பிள்ளைகளைப் புதைப்பதே எங்கள் ஊர் வழக்கம், உடலைக் கொடுப்பதில் தாமதம் செய்ய வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும் அட்டையில், 'கருப்பை மேற்பகுதி நெடுக்கு வெட்டு' என்று சிவப்பு மையில் எழுதுங்கள். அடுத்த கர்ப்பத்தில் இந்தத் தழும்பு கிழியும் ஆபத்து நூற்றுக்கு 4 முதல் 9. நோவு தொடங்கவே விடக் கூடாது. 36, 37 கிழமையில் திட்டமிட்ட சிசேரியன். ஒன்றரை வருடத்துக்காவது இடைவெளி வேண்டும் என்பதையும், அதற்கான குடும்பத் திட்ட முறையையும் அதே நாளில் கதைத்து, குடும்பநல உத்தியோகத்தரின் பதிவிலும் ஏற்றிவிடுங்கள். அட்டை தொலையும், அவருடைய பதிவு தொலையாது.